“இன்னுமா முடியவில்லை?”

வாசகர் கேள்வி – பதில்

என் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்த நாளைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு சிறு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அவற்றில் ஆறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். இந்தப் பகுதியைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள், அம்மா கொழுந்து எடுத்தவர், பேராதனையில் மண்ணியல் ஆய்வுக்கு 2018 இல் பதிந்து 2024 இல் முடித்தேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இது ஐந்தாவது வருடம். தரவு எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடமாகிறது. ஆய்வேடு முன்னுரையைத் தாண்டவில்லை. மேற்பார்வையாளர் அனுப்பிய கடைசி மூன்று மின்னஞ்சல்களுக்குப் பதில் போடவில்லை. தொலைபேசியில் அவர் பெயர் வந்தால் கை நடுங்குகிறது. வீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விட்டுவிடலாமா? — பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். 2021 இல் நான் யாருக்காவது எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. விடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் மேற்பார்வையாளருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும். ‘இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். தரவு முழுவதும் கையில் இருக்கிறது. எழுத்து நின்றுபோயிருக்கிறது. அடுத்த வாரம் உங்களைச் சந்திக்க ஒரு நேரம் தாருங்கள்.’ காய்ச்சல், மழை, வீட்டுப் பிரச்சினை என்று எந்தக் காரணமும் சேர்க்க வேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் கடிதம் நீளும், நீண்டால் திருத்தத் தோன்றும், திருத்த உட்கார்ந்தால் இன்றைக்கும் அனுப்பமாட்டீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தேயிலைச் சரிவுகளில் மண்ணின் சேதனக் காபன் (இலையும் வேரும் மக்கி மண்ணில் சேரும் காபன்) எப்படிக் கூடிக் குறைகிறது என்பது என் ஆய்வு. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிட்ட) மலையொன்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, மூன்று அளவுகளில் யூரியா போட்டு, வருடா வருடம் மண் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வருடமும் ஒழுங்காகப் போயின. கொரோனா முடக்கத்தின்போதும் தோட்டத்தில் வேலை நடந்தது. நான் அங்கேயே இருந்ததால் மலை ஏறி மண் எடுத்துவிட்டேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. மூன்றாம் வருடத்துக்கு எனக்கு வேண்டியிருந்தது சில கிலோ யூரியாதான். அதுவும் கிடைக்கவில்லை.

என் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதை மேற்பார்வையாளரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆய்வு சரிந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ‘வேலை நடக்கிறது, சேர்’ என்று மாதம் ஒரு வரி அனுப்பினேன். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. வீட்டிலும் அதையே சொன்னேன். எங்கள் லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) நான் எழுதும் மூலைக்கும் அம்மா படுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். ஒரு நாள் இரவு அம்மா தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “விளக்கு எரிகிறது. தட்டுகிற சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிறதே, மகள்?”

மறுநாள் ஹட்டனில் கண்டி பஸ் ஏறினேன். சேரின் அறையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஏசவில்லை. “மண் எடுப்பதை நிறுத்திவிட்டாயா?” என்று மட்டும் கேட்டார். நிறுத்தவில்லை, மாதிரிகள் பையில் கட்டி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் பேனாவை எடுத்தார். “இரண்டு வருடம் யூரியா கண்ட மண். திடீரென்று எல்லாத் துண்டிலும் நிறுத்தியாகிவிட்டது. நிறுத்துவதற்கு முன்னும் பின்னும் உன்னிடம் அளவு இருக்கிறது. இதைத் திட்டம் போட்டுச் செய்ய எந்தத் தோட்டமாவது நமக்கு இடம் கொடுத்திருக்குமா?” அதுதான் என் ஐந்தாம் அத்தியாயமானது. பரீட்சகர்கள் நல்லது என்று சொன்ன அத்தியாயமும் அதுதான். ஐந்து மாதம் நான் ஒளித்து வைத்திருந்தது அதைத்தான்.

இனி எழுதும் விதம். நீங்கள் முன்னுரையில் நிற்பது எனக்கு ஆச்சரியமில்லை. முன்னுரையை மூடி வையுங்கள். அது கடைசியில் எழுத வேண்டியது. ஆய்வு முறையிலிருந்து தொடங்குங்கள். அது நீங்கள் உங்கள் கையால் செய்த வேலை, எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் எழுதலாம்: எங்கே போனேன், எத்தனை மாதிரி எடுத்தேன், எவ்வளவு ஆழத்தில், எதனால் அளந்தேன். பிறகு அட்டவணைகளையும் வரைபுகளையும் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். நான் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) பாய் விரித்துப் பரப்பினேன். எதற்குப் பின் எது என்று கையால் நகர்த்தி அடுக்குங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதில் என்ன தெரிகிறது என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். முடிவுகள் அத்தியாயத்தின் எலும்பு வந்துவிடும்.

நேரம் காலை நான்கிலிருந்து ஆறு வரை. பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) அம்மா தயாராகும் சத்தம் தொடங்கும் முன் எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம்தான். ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்று நான் போட்ட திட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆய்வேடு அந்த இரண்டு மணி நேரங்களில்தான் எழுதப்பட்டது. எழுந்திருக்கும் முன், நாளைக்கு எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கணினிமேல் வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை, அந்த வாரம் எழுதியது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் சேருக்கு அனுப்பினேன். முதல் வெள்ளி அனுப்பியது ஒன்றரைப் பக்கம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நுண்ணுயிர் சோதனைக்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த ஈர மண் மாதிரிகள் கெட்டுப்போயின. அன்று மாலையே சேரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சோதனையைக் கைவிட்டோம், அவ்வளவுதான். கணினி வேலை செய்யாத நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் சி.ஆர். கொப்பியில் எழுதினேன்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடுவது குற்றமில்லை. என்னோடு பதிந்தவர்களில் ஒருவர் மூன்றாம் வருடம் விட்டுவிட்டு நிம்மதியாக வேறு வேலை செய்கிறார். அவர் மேற்பார்வையாளரின் முன் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். நீங்களும் பேசிவிட்டு முடிவெடுங்கள். இருக்கிற தரவை முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்கு ஒப்படைக்க முடியுமா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேளுங்கள். கை நடுக்கமும் நித்திரையின்மையும் தொடர்ந்தால் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். நான் போனேன். இரண்டு தடவை.

கேள்வி: மகள், என் பிள்ளைக்கு 31 வயது. கம்பஸ் போய் பத்து வருடமாகிறது. லயத்தில் காண்பவரெல்லாம் “இன்னுமா முடியவில்லை?” என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை கேட்டும் வருகிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளைக் கேட்டால் எரிந்து விழுகிறாள். அவள் என்னதான் படிக்கிறாள்? நான் என்ன செய்தால் அவளுக்கு உதவியாக இருக்கும்? (இந்தக் கடிதத்தை என் பேத்தி எழுதித் தருகிறாள்.) — தலவாக்கலை

பதில்: அம்மா, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடனே கன்று வைக்கமாட்டார்கள். குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, அதை வெட்டி வெட்டி அந்த மண்ணிலேயே போட்டு, 18 மாதத்திலிருந்து 24 மாதம் வரை மண்ணை ஆற விடுவார்கள். இன்னொரு பக்கம் தவறணையில் (நாற்றுமேடையில்) வெட்டி வைத்த துண்டு வேர் பிடித்துக் கன்றாக ஒரு வருடம் வரை போகும். பிறகு குழி வெட்டிக் கன்று நட்டு, அதை வளர்த்து, முதல் கொழுந்து எடுக்கும் வரைக்கும் அந்த மலையிலிருந்து ஒரு கிலோகூட நிறுவைக்குப் போகாது. அந்த மலையைச் சும்மா கிடக்கிற மலை என்று தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. உங்கள் பிள்ளை இப்போது அந்தப் புல்லுக் காலத்தில் இருக்கிறாள், அல்லது கன்று நட்ட காலத்தில்.

இதுவரை அவள் படித்தது மற்றவர்கள் கண்டுபிடித்து எழுதி வைத்தவை. இப்போது ஒரு சின்ன விஷயத்தையாவது அவளே புதிதாகக் கண்டுபிடித்து, அது சரிதான் என்று அந்தத் துறையில் பழுத்தவர்கள் ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். நம் நாட்டின் தகைமைக் கட்டமைப்பில் இது 12ஆம் மட்டம். இதற்கு மேலே படி இல்லை. முழுநேரமாகச் செய்தாலும் குறைந்தது மூன்று வருடம் என்பது விதி. ஐந்து, ஆறு வருடம் போவது சாதாரணம்.

அவள் எரிந்து விழுவது உங்கள்மேல் உள்ள கோபத்தால் இல்லை, அம்மா. நீங்கள் ஒரு தடவை கேட்பதை அவள் தன்னையே நாளுக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள். 2021 இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வந்தது. அந்த மாதம் என் ஆய்வுக்கு வாங்கிய ஒரு போத்தல் இரசாயனத்தின் விலைச்சீட்டும் அம்மாவின் சம்பளச்சீட்டும் ஒரே மேசையில் கிடந்தன. அந்தப் போத்தல் அம்மாவின் பத்து நாள் சம்பளத்தைவிட விலை கூடியது. அன்றைக்கு நானும் அம்மாமேல் எரிந்து விழுந்தேன். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

‘எப்போது முடியும்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்றைக்கு எதைப் பற்றி எழுதினாய்?’ என்று கேளுங்கள். விளங்காவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள். என் அம்மா ஒரு நாள் அப்படிக் கேட்டபோது, கவ்வாத்து வாதுகளை (வெட்டிய கிளைகளை) மண்ணிலேயே விடுவதால் என்ன நடக்கிறது என்று விளக்கினேன். அம்மா சொன்னார்: “விறகுக்கு வாது அள்ளிய மலையில் மண் வெளுத்துவிடும். ரோட்டோரத்து நிரைகளைப் பார், உள்ளே இருக்கிற நிரைகளைப் பார்.” நான் அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். லயத்துக்குக் கிட்டே உள்ள நிரைகளில் வாது குறைவாகவும், உள்ளே போகப் போகக் கூடவும் இருந்தது. நான் அதுவரை எல்லாத் துண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் அந்த ஒரு பேச்சு என்னை ஒரு மாதம் வேலை வாங்கியது. ஆய்வைப் பெரிய பிழையிலிருந்து காப்பாற்றியதும் அதுதான். உங்களுக்கும் உங்கள் பிள்ளையின் வேலையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும்.

மாப்பிள்ளைப் பேச்சை ஒப்படைக்கும் நாள் வரை தள்ளி வையுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் அவளே வாய் திறப்பாள். லயத்தில் கேட்பவர்களிடம் ‘எழுதிக்கொண்டிருக்கிறாள்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நாட்டார் பாடல்கள் பற்றித் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். நான்கு அத்தியாயங்களைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி முடித்துவிட்டேன். இப்போது யூனிகோட்டில்தான் வேண்டும் என்கிறார்கள். திரும்பவும் தட்ட வேண்டுமா? — பதுளை

பதில்: தட்ட வேண்டியதில்லை, மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் ஒரே மூச்சில் முழு ஆய்வேட்டையும் மாற்றாதீர்கள். பாமினியில் நீங்கள் பார்ப்பது தமிழ் எழுத்து என்றாலும் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதனால்தான் அதில் தேடவும் முடியாது, பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளால் வாசிக்கவும் முடியாது. மாற்றும்போது நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழென்று எண்ணப்பட்டுக் குழம்பிவிடும். ஆகவே ஆங்கிலச் சொற்கள், ஆண்டுகள், அடிக்குறிப்புகள் இருக்கும் இடங்களை முதலில் வேறு நிறத்தில் குறித்துக்கொண்டு, அத்தியாயம் அத்தியாயமாக மாற்றிச் சரிபாருங்கள். கொம்பும் காலும் சேரும் எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாடல் வரிகளை மூலக் குறிப்போடு ஒப்பிட்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும். பாட்டியொருத்தி பாடிய ஒப்பாரியில் ஓர் எழுத்து மாறினால் அது வேறு பாட்டு. பழைய பாமினிக் கோப்பை அழிக்காதீர்கள். அச்சுக் கடைக்குப் போகும்போது எழுத்துரு பதிக்கப்பட்ட பி.டி.எஃப். மட்டும் கொண்டு போங்கள்.

கேள்வி: அன்பின் சகோதரி, ஹட்டனில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பிக்கிறேன். வயது 42. முதுமாணி முடித்திருக்கிறேன். பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டம் செய்யும் ஆசை. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். இறங்கலாமா? — ஹட்டன்

பதில்: சேர், வயது ஒரு தடையில்லை. பாட வகுப்புகளால் முடித்த முதுமாணியா, ஆய்வோடு முடித்ததா என்பதைப் பொறுத்து, முதலில் முதுதத்துவமாணிக்குப் பதியச் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தைத் தேடும் முன் மேற்பார்வையாளரைத் தேடுங்கள். அவர் எழுதியவற்றை வாசித்துவிட்டு, நேரில் போய்ப் பேசுங்கள். அவருடைய பழைய மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். அவர் திருத்தித் தருவாரா, எத்தனை நாளில் தருவார் என்பது வேறு எங்கும் எழுதியிருக்காது. தலைப்பு உங்கள் வகுப்பறைக்கு உள்ளேயோ பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்திலோ இருக்க வேண்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதனைக்குப் போய்வந்தால் சனிக்கிழமை போய்விடும். தரவுக்கும் அப்படி அலைய வேண்டுமென்றால் உங்களால் தாங்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். ஆசை என்று சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள்: ஆறு அல்லது ஏழு வருடம், மாதம் இரண்டு சனிக்கிழமை, தினம் காலை இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பது அவர்தான். அவருடைய சம்மதம் இல்லாமல் இறங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதவி உயர்வுக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்களை நித்திரை கொள்ள விடாத ஒரு கேள்வி இருந்தால் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, வாய்மொழிப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்தவள். ஆங்கிலத்தில் கேட்டால் வாயடைத்துப் போவேனோ என்று பயம். உங்களுக்கு எப்படி நடந்தது? — பண்டாரவளை

பதில்: எனக்கும் அதே பயம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் விரிவுரையில் கையுயர்த்திய நினைவே எனக்கு இல்லை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது நான் செய்தது இதுதான்: தினமும் ஐந்து பக்கம் என் ஆய்வேட்டையே ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தேன். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில், ஒவ்வோர் அத்தியாயத்தையும் இரண்டு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். எனக்குக் கண்ணில் பட்ட பிழைகளை ஒரு தாளில் எழுதினேன், 23 வந்தன. அந்தத் தாளைப் பரீட்சைக்குக் கொண்டு போனேன். பரீட்சகர் ஒருவர் ஓர் அட்டவணையில் பிழை சொன்னபோது, ஆமாம், அது என் பட்டியலிலும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு என் குரல் தெளிந்துவிட்டது.

அன்று அம்மாவும் வந்தார். முதல் பஸ்ஸில் போய், பேராதனை வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, பீடத்துக்கு வெளியே மரத்தடி வாங்கில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். கையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிய பொதியும் தேநீர்க் குடுவையும் வைத்திருந்தார்.

முதல் கேள்விகள் இலகுவானவை. எல்லோரிடமும் அப்படித்தான் தொடங்குவார்கள், பேச்சு வருவதற்காக. பிறகு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு பக்கத்தைத் திறந்து, “காபன் அளவை ஏன் 1.3 ஆல் பெருக்கினீர்கள்?” என்று கேட்டார். வோக்லியும் பிளாக்கும் 1934 இல் வெளியிட்ட முறையால் நான் அளந்திருந்தேன். அதில் இருகுரோமேற்று என்ற இரசாயனம் மண்ணின் சேதனக் காபன் முழுவதையும் ஒட்சியேற்றாது; சராசரியாக 77 சதவீதம் அளவுதான் பிடிபடும். மிச்சத்தை ஈடுசெய்யத்தான் அந்தப் பெருக்கல். இதை நான் சொன்னேன். அவர் விடவில்லை. “உங்கள் மலை மண்ணுக்கும் அதே எண்தான் என்று எப்படித் தெரியும்?”

தெரியாது. நான் அதைச் சரிபார்த்திருக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அந்த ஐந்து மாதங்கள் நினைவுக்கு வந்தன. “அதை நான் தனியாகச் சரிபார்க்கவில்லை. சரிபார்ப்பதென்றால் இருபது மாதிரிகளை உயர் வெப்பத்தில் எரித்து அளந்து ஒப்பிட வேண்டும். அந்த எண் மாறினால் என் மொத்த அளவுகள் மாறும், ஒரே மலையில் துண்டுகளுக்கிடையில் உள்ள வேறுபாடு அதிகம் மாறாது என்று நினைக்கிறேன்” என்றேன். என் ஆங்கிலம் நேராக வந்ததா என்று தெரியாது. அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அந்தக் குறையை ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொன்னது பிறகு என் திருத்தங்களில் ஒன்றானது.

கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பதில் தேட நேரம் வேண்டுமென்றால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அவர்கள் பார்ப்பது இந்த வேலையை நீங்கள்தான் செய்தீர்களா, அதன் எல்லை உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வெளியே நிற்கச் சொன்னார்கள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் தேநீரை ஊற்றித் தந்தார். இருபது நிமிடத்தில் கூப்பிட்டார்கள். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெளியே வந்ததும் “முடிந்ததா?” என்றார் அம்மா. “முடிந்தது. கொஞ்சம் திருத்தம் இருக்கிறது” என்றேன். “அதை வீட்டில் செய்யலாம். வா, பஸ் போய்விடும்” என்று எழுந்துகொண்டார். கம்பளை தாண்டிய பிறகுதான் என் கையைப் பிடித்தார். ஹட்டன் வரைக்கும் விடவில்லை.

கேள்வி: ஆய்வேட்டின் நன்றியுரையில் என் தோட்டத்தின் பெயரையும் அப்பா அம்மா செய்த வேலையையும் எழுத விரும்புகிறேன். அது தரமாக இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆங்கில ஆய்வேட்டில் ஒரு பக்கம் தமிழில் வைக்க முடியுமா? — மஸ்கெலியா

பதில்: எழுதுங்கள். தரம் குறையும் என்று சொல்லும் நண்பர்களோடு நான் கொஞ்சமும் உடன்படவில்லை. தேயிலை மண்ணைப் பற்றி ஆய்வேடு எழுதலாம், அந்த மண்ணில் நின்றவர்களின் பெயரை எழுதக்கூடாது என்றால் அது என்ன தரம்? சமர்ப்பணப் பக்கத்தைத் தமிழில் வைக்கலாமா என்று உங்கள் நிறுவகத்தின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் தடை சொல்லவில்லை.

நான் அந்தப் பக்கத்தில் அம்மாவின் முழுப்பெயரை எழுதினேன். மண் எடுத்த மலையின் நம்பரை எழுதினேன். மழை நாட்களில் என்னோடு மண் பைகளைத் தூக்கி வந்த பணிய (கீழ்) லயத்துப் பெண்கள் நான்கு பேரின் பெயர்களையும், அவர்களிடம் கேட்டுவிட்டு, எழுதினேன். ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுவது என்று அடையாள அட்டையைக் கொண்டு வந்து காட்டினார்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவராகிப் பல வருடம் கழித்துத் தாத்தா பெற்ற பிரஜாவுரிமைச் சான்றிதழும், எங்கள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும் அதில்தான் இருக்கின்றன. கூரை ஒழுகினால் அம்மா முதலில் நகர்த்துவது அந்தப் பெட்டியைத்தான். கட்டிய ஆய்வேட்டில் ஒரு பிரதியை அம்மா பழைய சேலையில் சுற்றி அதற்குள் வைத்தார். ஆனால் அது பெட்டியில் தங்குவதில்லை. அந்த நான்கு பெண்களும் அவர்களின் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வருகிறார்கள். பக்கத்தின் ஓரம் கொழுந்துக் கறை படிந்து கறுத்துவிட்டது. இன்னொரு பிரதி கட்டித் தரச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். இந்த மாதம் கண்டிக்குப் போகும்போது கொடுக்க வேண்டும்.